ஒரு கல்லுக்காகப் பறந்த ஹெலிகாப்டர்

ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கல்லை ஹெலிகாப்டரில் ஏற்றி, முன்னூறு மைல் கடலுக்கு மேலே பறந்துபோய், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போட்டுவிட்டுத் திரும்பிய முட்டாள் நான்தான். நிலவுக்குப் போனவர்கள்கூட அங்கிருந்து கல்லைக் கொண்டுவந்தார்கள். கொண்டுபோய்ப் போட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்தக் கதையை டீக்கடையில், கப்பலில், கல்யாண வீட்டில் என்று பத்து இடங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் சொல்லும்போதெல்லாம் கல் விழுந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். அங்கே நிறுத்தினால்தான் அது சிரிப்புக் கதை. அதற்கு மேலும் இருக்கிறது என்பது என் மனைவி மல்லிகாவுக்குத் தெரியும். நான் ஆரம்பித்ததுமே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்தத் தடவை மீதியையும் எழுதிவிடுகிறேன்.

எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். நிக்கோபார் பக்கம், தெற்கே. அவ்வளவு போதும். தீவைச் சொன்னால் ஆஸ்பத்திரியைச் சொன்னதாகிவிடும், இருப்பது ஒன்றுதான். ஆஸ்பத்திரியைச் சொன்னால் டாக்டரைச் சொன்னதாகிவிடும், அவரும் ஒருவர்தான். குற்றம் சொல்ல ஆள் தேடி வரிசையில் நிறுத்தினால் அவருக்கு வெகு முன்னால் நான் நிற்கவேண்டியிருக்கும்.

என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து ரோடு போடும் வேலைக்கு இங்கே வந்தவர். நான் பிறந்தது போர்ட் பிளேரில். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் நாக்கு இன்னும் மாறவில்லை. அந்த ஊரையொட்டிய கராச்சர்மாவில் எங்களுக்கு வீடு இருக்கிறது. அம்மாவும் தங்கையும் அங்கே. எனக்கு மின்சாரத் துறையில் லைன்மேன் வேலை. தெற்குத் தீவுக்கு மாற்றல் வந்து ஆறு வருடமாகிறது. ஆள் குறைவென்பதால் கம்பம் ஏறுவதும் நானே, வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பதும் நானே.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு: ஊரைச் சிரிக்கவைப்பது. ஜனவரி இருபத்தாறு, பொங்கல், யாராவது அதிகாரிக்கு வழியனுப்பு விழா, எதுவானாலும் சமுதாயக் கூடத்தில் என் தனிநடிப்பு ஒன்று இருக்கும். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, பஞ்சாபி என்று எல்லாரும் இருப்பதால் இந்தியில்தான் செய்வேன். இங்கே பொதுப் பேச்சே இந்திதான். இதில் வருகிறவர்கள் பேசியதில் பாதிக்குமேல் இந்தி. நான் தமிழாக்கி எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருட ஜனவரி இருபத்தாறில் நான் செய்தது 'இரண்டு பிரசவம்' என்ற அயிட்டம். முதலில் நம் வீட்டுப் பெண். தலைச் சுற்றலுக்கு ஒரு கப்பல், வாந்திக்கு ஒரு ஹெலிகாப்டர், வலி வந்தால் மெயின்லேண்டிலிருந்து மாமியார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடை முழுக்க உருண்டேன். அடுத்தது நிக்கோபாரிப் பெண். தேங்காய் பொறுக்கிக்கொண்டே போவாள். ஓரிடத்தில் குனிவாள். நிமிரும்போது கையில் குழந்தை. அதையும் தேங்காயோடு கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவாள். வீட்டில் புருஷன் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பான், எது தேங்காய், எது பிள்ளை என்று.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்றால் முன்னால் இருந்த மூன்று வரிசை: அதிகாரிகள், டாக்டர், நர்ஸ், கடைக்காரர்கள். அதற்குப் பின்னால் இருட்டு. கூடத்தின் பின்பக்க ட்யூப்லைட்டுகள் எரியாமல் மூன்று மாதமாகியிருந்தது. புகார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மாற்றவேண்டிய லைன்மேன் மேடையில் தேங்காய் குலுக்கிக்கொண்டிருந்தான்.

உறுதியான ஜனங்கள் என்று சொல்வதில் என்ன தப்பு, அது புகழ்ச்சிதானே என்றுதான் அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மழை பிடித்த ஜூன் மாதம். கம்பத்தில் பாதி ஏறியிருந்தேன். இடது விலாவுக்குக் கீழே யாரோ கொறடு போட்டுத் திருகியது போல ஒரு வலி. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாயு என்று முடிவுசெய்து சோடா குடித்தேன். சோடா வாந்தியானது. ஜீரகத் தண்ணீர் குடித்தேன். அதுவும் வந்தது. மல்லிகா ஆட்டோ கூட்டிவருவதற்குள் குவார்ட்டர்ஸ் வாசலில் நான்கு வீட்டு ஜனம் கூடிவிட்டது. அவ்வளவு சத்தம். அதில் இரண்டு பேர் நான் புது அயிட்டம் ஒத்திகை பார்க்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு கூரை ஒழுகியதால் எல்லாரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நிக்கோபாரிப் பெண், எட்டாம் மாதம். பெயர் ரூத். கால்கள் இரண்டும் வீங்கி, கணுக்கால் எலும்பே தெரியவில்லை. அவள் புருஷன் பர்னபாஸ் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்திருந்தான்.

திரை விலகியபோது அவள் என்னைப் பார்த்தாள். "உங்களைத் தெரியும்," என்றாள்.

"மீட்டர்காரன்," என்றேன், வலிக்கு நடுவிலும் பெருமையாக. மீட்டர் பார்ப்பவனைத் தெரியாத வீடு ஏது?

அப்புறம் நான் மறுபடி கத்த ஆரம்பித்ததும், "பயப்படாதீங்க," என்று மட்டும் சொல்லி, தன் தலைமாட்டில் இருந்த இளநீரைக் கொடுக்கும்படி புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள். வாங்கிக் குடித்தேன். வாந்தியாகாமல் உள்ளே நின்ற முதல் பானம் அதுதான்.

டாக்டர் ஆந்திரா பக்கத்துப் பையன். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தீவு முழுவதற்கும் அவரே எல்லாம்: பல், கண், பாம்புக்கடி. என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்றார். சிறுநீரகத்தில் உருவாகும் கல் அங்கேயே கிடந்தால் தொந்தரவில்லையாம். அது சிறுநீர்ப்பையை நோக்கி இறங்கும்போது நடுவிலிருக்கும் மெல்லிய குழாயில் மாட்டிக்கொண்டால் குழாய் அதைப் பிதுக்கித் தள்ளப் பார்க்கும்; அந்தத் தள்ளல்தான் வலி. "ஆனா ஸ்கேன் இல்லாம உறுதியா சொல்ல முடியாது. குடல்ல ஏதாவதுன்னா ஆபத்து," என்றார். ஸ்கேன் மெஷின் இருந்தது. ஓட்டுகிறவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

எனக்கு ஆபத்து என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அன்று முழுக்க என் சத்தம் கடற்கரை வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்ப்பது கேட்கும். கைப்பட்டையில் காற்று அடிக்கிற சத்தம், பிறகு கேள்விகள்.

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"கண்ணுல பூச்சி பறக்குதா?"

"கொஞ்சம்."

"மேல் வயிறு?"

"கொஞ்சம்."

பிறகு நர்ஸ் இந்தப் பக்கம் வந்து என்னைக் கேட்பார். "செத்துட்டேன் சிஸ்டர்," என்பேன். இரண்டு பதிலும் இரண்டு அட்டையில் ஏறும். 'கொஞ்சம்' என்ற சொல் சிலர் வாயில் எவ்வளவு எடை தாங்குகிறது என்று அட்டையில் எழுத இடமில்லை.

"ஏங்க, கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க. பக்கத்துல புள்ளத்தாச்சி," என்றாள் மல்லிகா.

"எனக்கு வலிக்குதுடி."

"அதுக்கும்தான் வலிக்குது. மூஞ்சியப் பாத்தீங்களா? ஊதிப்போய் கண்ணே தொறக்கல."

நான் பார்க்கவில்லை. நான் என் மூஞ்சியைத்தான் எல்லாரும் பார்க்கவேண்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை மழை விட்டது. போர்ட் பிளேரிலிருந்து ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள். ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஒரு நோயாளி, துணைக்கு ஒருவர், அவ்வளவுதான் இடம். டாக்டர் கையில் ஒரு தாளோடு திரைக்கு அப்பால் நின்றார். நர்ஸும், மருந்து கொடுக்கும் கதிரேசனும் கூட நின்றார்கள். கதிரேசன் திருநெல்வேலிக்காரன், எனக்குச் சீட்டாட்டக் கூட்டாளி.

"பிபி மேல நூத்தி அறுபது, கீழ நூத்திப் பத்து. யூரின்ல புரோட்டீன் போகுது," என்றார் டாக்டர். "இவருக்கு என்னன்னே தெரியல. யாரை அனுப்பறது?"

நான் அந்த நேரத்துக்கு மட்டும் கத்துவதை நிறுத்திக் காது கொடுத்தேன்.

கதிரேசன் சொன்னான்: "அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். உறுதியான ஜனம். நம்ம பாண்டி அண்ணன் இருபத்தாறாம் தேதி செஞ்சு காட்டுனாரே, தேங்காய் பொறுக்கிக்கிட்டே பெத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க."

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார், இரண்டு நாள் தூங்காதவன் சிரிக்கிற சிரிப்பு. "நாளைக்கும் ஹெலிகாப்டர் வரும்ல?" என்று கேட்டார். "வரும் சார்," என்றார்கள். தாளில் என் பெயரை எழுதினார்.

இதில் நான் செய்தது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. படுத்திருந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்வதென்று உட்கார்ந்துவிட்டேனே, சொல்லிவிடுகிறேன். அந்த வலியிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஐந்து மாதமாகியும் நம் அயிட்டத்தை மறக்கவில்லையே என்று. திரைக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன்.

என்னை ஜீப்பில் ஏற்ற ஆள் போதவில்லை. பர்னபாஸ் எழுந்துவந்து என் தலைப்பக்கம் பிடித்தான். நல்ல பலசாலி. ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய் வைத்தான்.

ஹெலிபேடில் மல்லிகா நின்றுவிட்டாள். "டாக்டர்கிட்ட கேக்கறேன். நான் இருந்துக்கறேன், என் எடத்துல அந்தப் பொண்ணு வரட்டும். உங்களுக்குத் துணை எதுக்கு, அங்க அத்தை இருக்காங்கல்ல?"

என் தங்கையின் பிரசவத்துக்கு அவளை ஆறு மாதம் பார்த்துக்கொண்டவள் மல்லிகா. வீங்கிய கால் எதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். "வழியில செத்துப்போனா யாருடி பாத்துப்பாங்க?" என்று அழுதேன். நாற்பத்திரண்டு வயது. முந்தானையை விடவே இல்லை. அவளும் ஏறினாள்.

அந்த இடத்தில் உட்கார்ந்துகூட ரூத் வந்திருக்க முடியும். டாக்டர் சம்மதித்திருப்பாரா, தெரியாது. கேட்கவே விடவில்லை நான்.

வழியில் கார் நிக்கோபார் தீவில் இறங்கி எண்ணெய் நிரப்பினார்கள். அங்கே இருக்கும்போது வலி நின்றுவிட்டது. சுத்தமாக. ஸ்விட்சை அணைத்தாற்போல் நின்றது. கல் குழாயிலிருந்து பைக்குள் விழுந்துவிட்டால் அப்படித்தான் நிற்குமாம், பிறகு தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தொடர்ந்து முனகினேன். இவ்வளவு தூரம் ஹெலிகாப்டரில் தூக்கி வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற மரியாதைக்காக.

மல்லிகா என் முகத்தையே பார்த்தாள். அத்தனை இரைச்சலிலும் காதருகே வந்து கேட்டாள்: "நின்னுருச்சா?"

"கொஞ்சம்," என்றேன்.

போர்ட் பிளேரில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் பசை தடவி ஒரு கருவியை உருட்டினால் உள்ளே இருப்பது திரையில் சாம்பல் நிறமாகத் தெரியும். "அஞ்சு மில்லிமீட்டர். தண்ணி குடிங்க, தானாப் போயிடும்," என்றார்கள். சிறுநீரகத்தில் லேசான வீக்கம் இருந்ததால் மூன்று நான்கு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று கட்டில் கொடுத்தார்கள். மறுநாள் காலை, கடுகு வெடித்தாற்போல் ஒரு சத்தத்தோடு, அது போய்விட்டது. அந்தக் கல்லைக் கொண்டுவந்திருந்தால் பரிசோதித்திருக்கலாமே என்று நர்ஸ் கோபித்துக்கொண்டார். இதுவரைதான் நான் எல்லா இடத்திலும் சொல்லுகிற கதை.

அன்று போர்ட் பிளேரில் மழை. ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. நான் ஜன்னலோரக் கட்டிலில் இளநீரும் பார்லித் தண்ணீருமாக ராஜா மாதிரி சாய்ந்திருந்தேன். அம்மா கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் ரசம் கொண்டுவந்தாள். தங்கை தலையணை கொண்டுவந்தாள். அதற்கு அடுத்த நாளும் மழை.

கதிரேசனைப் போனில் பிடித்தேன். "அந்தப் பொண்ணு எப்படிடா இருக்கு?"

"மாத்திரை குடுத்திருக்கு அண்ணே. நேத்து சாயந்தரம் தலைவலி தாங்கலன்னு மொத தடவையா சத்தம் போட்டுச்சு. அண்ணே, அங்க வெயில் அடிக்குதா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். "இல்லடா."

மூன்றாம் நாள் மேகம் கிழிந்தது. மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. நான் வெளியே வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெச்சரில் ரூத். வாயில் ஏதோ சொருகியிருந்தார்கள். கிளம்பும் முன்பே ஒரு தடவை, வழியில் ஒரு தடவை வலிப்பு வந்திருந்தது. பர்னபாஸ் பக்கத்தில் ஓடிவந்தான். என்னைத் தூக்கிய அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை. அவன் திரும்புவதற்குள் எழுந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் கல்லை விட்ட அதே கழிப்பறை. வெளியே வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மல்லிகா அதற்குள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வார்டு நர்ஸ் ஒரு மலையாளி அக்கா. அவரிடம் மெல்லக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கர்ப்ப காலத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரோட்டீன் போகும். கால், முகம் வீங்கும். தலை வலிக்கும், கண்ணில் பூச்சி பறக்கும், மேல் வயிறு வலிக்கும். அப்போதே பிடித்து, அழுத்தத்தைக் குறைத்து, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டு, நேரம் பார்த்துக் குழந்தையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். விட்டால் வலிப்பு, அதற்கு மேலே போனால் மூளைக்குள் ரத்தம் கசியும்.

"அது சாதாரண தலைவேதனை அல்ல கேட்டோ," என்றார். "மூணு நாள் முந்தி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அங்க ஹெலிகாப்டர் போனதே, அதுல ஏன் ஏத்தலையோ."

நான் பார்லித் தண்ணீரைக் குடித்தேன்.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ரூத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக்கு மெஷின்.

மறுநாள் என்னை அனுப்பிவிட்டார்கள். சீட்டில் 'நிறையத் தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்குப் போகாமல் காத்திருப்பு வராந்தாவில் உட்கார்ந்தேன். பர்னபாஸ் முன் பெஞ்சில் இருப்பான். நான் அவன் முதுகு தெரிகிற தூரத்தில் கடைசி பெஞ்சில். மல்லிகாதான் கராச்சர்மாவிலிருந்து அவனுக்கும், அடுத்த ஹெலிகாப்டரில் வந்துசேர்ந்த அவன் அக்காவுக்கும் சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வருவாள். பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நீங்க போய்க் குடுங்க," என்பாள். நான் அசையமாட்டேன். தானே போவாள்.

எனக்கு மனிதர்களோடு பேசத் தெரியும் என்றுதான் இருந்தேன். யாரிடமானாலும் ஒரு ஜோக்கில் ஆரம்பிப்பேன். அந்த நான்கு நாளும் மனதுக்குள் ஒத்திகை பார்த்த எல்லாமே ஜோக்கில்தான் ஆரம்பித்தன.

டீக்கடையில் நின்றபோது பக்கத்தில் ஒருவர், நம் ஆள்தான், கேட்டார்: "அந்த நிக்கோபாரிப் பொண்ணா? பொழச்சுக்கும் சார். அந்த ஜனங்க உடம்பு வேற மாதிரி." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் செய்து காட்டியதை அவர் பார்த்ததே இல்லை. முன்னூறு மைலுக்கு இந்தப் பக்கமும் அந்த வாக்கியம் எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தது.

என் தங்கை பிரசவத்தை நினைத்துக்கொண்டேன். ஏழாம் மாதத் தலைவலிக்கே அன்று சாயங்காலம் ஸ்கேன் எடுத்தோம். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருவர், அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர், வீட்டில் இரண்டு அம்மாக்கள். அவள் 'ஆ' என்றால் நாலு பேர் ஓடினோம். உடம்பு வேறு மாதிரி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ரூத்தையும் ஒரு மாதம் முன்னமே போர்ட் பிளேர் போய்த் தங்கச் சொல்லியிருந்தார்களாம். எங்கே தங்குவாள், யாரோடு? அவளுக்குக் கராச்சர்மாவில் வீடு இல்லை. அவள் தெரிந்தவர் என்று கைகாட்ட அந்தத் தீவு ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர யாருமில்லை. உங்களைத் தெரியும் என்று சொன்னாளே.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு டாக்டர் ஒருவர் வெளியே வந்து பர்னபாஸின் தோளில் கை வைத்தார். அவன் கத்தவில்லை. அவன் அக்காவும் கத்தவில்லை. மல்லிகாதான் கத்தினாள். நான் எழுந்து நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பிய கப்பலில் நான் போகவில்லை. அடுத்த கப்பலுக்கு டிக்கெட் போட்டேன். மல்லிகாவிடம் லீவு இருக்கிறது என்றேன். லீவு இல்லை.

ஊரில் இறங்கியதும் ஜனம் கல்லைப் பற்றிக் கேட்டது. சொன்னேன். சிரித்தார்கள். அந்த வேகத்தில் நானும் சிரித்தேன். கதிரேசன் மட்டும் வரவில்லை. மருந்து வாங்கப் போனபோது மாத்திரையை எண்ணிக்கொண்டே, தலை நிமிராமல், "நாந்தான அண்ணே சொன்னேன்," என்றான். "நீ என் வசனத்தைச் சொன்னடா," என்றேன். இரண்டு பேரும் அப்புறம் சீட்டாடவில்லை. டாக்டர் அந்த வருடக் கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் கைகுலுக்கினார். அவர் கை சில்லென்று இருந்தது.

ஒரு நாள் ஏணி எடுத்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போய்ப் பின்பக்க ட்யூப்லைட் இரண்டையும் மாற்றினேன். யாரும் நினைவூட்டவில்லை. ஸ்விட்ச் போட்டதும் பின்வரிசை நாற்காலிகள் வெள்ளையாகத் தெரிந்தன. நிறைய நாற்காலிகள். இத்தனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பர்னபாஸ் இருக்கும் குடியிருப்பு ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தகரக்கூரை வீடுகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே மீட்டர் பார்க்கவேண்டும். முதல் தடவை போகாமல் பழைய கணக்கைப் பார்த்து ஓர் எண்ணை எழுதினேன். இரண்டாம் தடவையும் அப்படியே. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் நான் எண் ஏற்றியிருந்ததைப் பார்த்து, "ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் கரண்ட் ஏறுதா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மூன்றாம் தடவை மல்லிகா என் பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள். "நானும் வரேன். பர்னபாஸ் வீடு மொதல்ல. மத்த மீட்டரெல்லாம் அப்புறம்," என்றாள்.

போனோம். பர்னபாஸ் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். மல்லிகாவைப் பார்த்து எழுந்து, உள்ளேயிருந்து அக்காவைக் கூப்பிட்டான். அவள் குழந்தையோடு வந்தாள். மல்லிகா வாங்கிக்கொண்டாள். நல்ல கனமாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லாக் குழந்தையும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். என் மூஞ்சி அப்படி. அன்றைக்கு அது சிரிக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

பர்னபாஸ் இரண்டு இளநீர் வெட்டினான். ஒன்றை மல்லிகாவுக்கு, ஒன்றை எனக்கு. நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டேன். மீட்டர் எண்ணை எழுதினேன். எழுதிவிட்டு மறுபடியும் அதையே எழுதினேன்.

"பர்னபாஸ்," என்றேன். "அன்னைக்கு ஹெலிகாப்டருக்கு என் பேரை எழுதினாங்கல்ல. எப்படி எழுதினாங்கன்னு உனக்குத் தெரியுமோ என்னமோ."

அவன் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தான்.

"உங்க ஜனம் உறுதி, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் எழுதினாங்க. அந்தப் பேச்சு நான் கெளப்பினது. ஜனவரி இருபத்தாறுக்கு மேடையில ஒரு ஜோக்கு பண்ணேன். உங்க பொம்பளைங்களைப் பத்தி. தேங்காயும் பிள்ளையும்னு. ரூத் அந்தப் பக்கம் படுத்திருக்கும்போது அதைத்தான் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவன் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் மாதிரி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கியபோது இருந்த அதே முகம்.

"தெரியும்," என்றான். "நாங்க கூடத்துல பின்னாடிதான் உக்காந்திருந்தோம்."